மாம்பழ குல்ஃபி நறநறக்காமல் உறையவும், அணைக்கரை வரை உருகாமல் போய்ச் சேரவும் என்ன வழி?

மாந்தோப்பு நிலா, கிருஷ்ணகிரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு தோழிகள், திருமணமாகி வெவ்வேறு ஊர்களுக்குப் போன பிறகும், கோடை விடுமுறையில் ஒரு நாளாவது கூடிவிடுகிறோம். இருவர் ஓசூரில் வேலை செய்கிறார்கள், ஒருத்தி பெங்களூரில் இருக்கிறாள், மற்றவர்கள் கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் குடியிருக்கிறோம். ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி அணைக்குப் போய், பூங்காவில் மரநிழலில் உட்கார்ந்து பேசிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்புவதுதான் எங்கள் சுற்றுலா. அந்த ஒரு நாளுக்காக நான் மாதக்கணக்கில் காத்திருப்பேன்.

சென்ற ஆண்டு என் பங்காக மாம்பழ குல்ஃபி செய்துகொண்டு போனேன். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு பழங்களின் சதையை மிக்சியில் அரைத்துச் சேர்த்து, சர்க்கரை கலந்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகி, எங்கள் ஒற்றைக் கதவு குளிர்சாதனப் பெட்டியின் மேல் அறையில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் பார்த்தால் கல்லாக உறைந்திருந்தது. கடித்தால் பல்லில் நறநறவென்று பனித்துகள்கள் மாட்டின. ஒரு டம்ளரில் குச்சி மட்டும் கையோடு வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய வருத்தம் வழியில் நடந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் டம்ளர்களை அடுக்கிச் சுற்றிலும் ஐஸ் கட்டிகளைக் கொட்டித்தான் எடுத்துப் போனேன். தோழிகள் வந்து சேரத் தாமதமாகி, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திறந்தபோது ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. கூடையில் ஐஸ் கட்டிகள் பாதிக்கு மேல் உருகாமல் கிடந்தன. ஆனால் குல்ஃபி மட்டும் பாயசமாகிவிட்டிருந்தது. சுற்றிலும் ஐஸ் இருக்கும்போது நடுவில் இருப்பது எப்படி உருகியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்து வந்து மறுபடியும் உறையவைத்தேன். அது வாயில் வைக்க முடியாதபடி ஆனது.

இந்த முறை மே கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். தோப்பில் செந்தூராவும் அல்போன்சாவும் பழுத்துக்கொண்டிருக்கின்றன, பெங்களூரா மாங்காயும் முற்றிவிட்டது. எந்தப் பழத்தை எடுக்க வேண்டும், கெட்டிப்படுத்தக் கடையில் வாங்கும் பொடி எதுவும் போடாமல் மென்மையாக உறையவைக்க முடியுமா, எப்படி எடுத்துச் செல்வது என்று செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். அணையை விட்டு வேறு இடம் போகலாமா என்ற பேச்சும் எங்களுக்குள் ஓடுகிறது. அதற்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

பென்னாகரத்து மருமகள், தர்மபுரி (பதில்)

தங்கைக்கு வணக்கம். உங்கள் குல்ஃபியில் குறை எங்கே என்பது நீங்கள் எழுதிய முதல் வரியிலேயே தெரிகிறது. பாலைக் காய்ச்சினீர்கள், ஆனால் சுண்டவைக்கவில்லை. பசும்பாலில் ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர்தான். மாம்பழச் சதையிலும் 80 பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. இந்த இரண்டையும் அப்படியே கலந்து உறையவைத்தால், தண்ணீர் தனியாகப் பிரிந்து பெரிய பெரிய பனிப்படிகங்களாக வளர்ந்துவிடும். உங்கள் பல்லில் மாட்டியது அதுதான்.

ஒரு லிட்டர் பாலை அகலமான, அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில், ஓரங்களில் படியும் ஆடையை வழித்து வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே, 400 மில்லி அளவுக்கு வரும்வரை சுண்டவையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாலின் நிறம் இளமஞ்சளாக மாறி, கரண்டியின் முதுகில் பூசினாற்போல ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதன் நடுவில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடக் கூடாது. அதுதான் பதம்.

கடைப்பொடி வேண்டாம் என்று நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அந்த வேலையைச் செய்ய நம் பக்கத்துக் கேழ்வரகே போதும். மூன்று மேசைக்கரண்டி கேழ்வரகைக் கழுவி இரவு ஊறவைத்து, காலையில் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் அரை டம்ளர் கேழ்வரகுப் பால் கிடைக்கும். பால் சுண்டி முடியும் தறுவாயில் இதை ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டுங்கள். அதிலுள்ள மாவுச்சத்து வெந்து கெட்டிப்பட்டு, மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படிகங்கள் பெரிதாக வளராது. முளைகட்டிய கேழ்வரகை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். முளைவிடும்போதே மாவுச்சத்து உடையத் தொடங்கிவிடுவதால், எவ்வளவு கிண்டினாலும் இளகலாகவே இருக்கும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அது நல்லது, குல்ஃபிக்கு உதவாது. சாம்பல் நிறம் வருமோ என்று தயங்க வேண்டாம், மாம்பழத்தின் நிறம் அதை மூடிவிடும்.

பழத்தைப் பற்றிச் சொல்கிறேன். நார் இல்லாத சதை வேண்டும். அல்போன்சாவில் மணமும் நிறமும் உண்டு. பெங்களூராவில் சதைப்பற்று அதிகம், நார் குறைவு, இலேசான புளிப்பும் உண்டு. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அல்போன்சாவையும் பெங்களூராவையும் சேர்த்து அரைப்பது என் வழக்கம், வெறும் இனிப்பாகத் திகட்டாமல் அந்தப் புளிப்பு நாக்கை எழுப்பிவிடும். தோப்பு வைத்திருக்கிறீர்கள், ஆகவே முற்றிய காயை வைக்கோலில் நான்கைந்து நாள் வைத்து நீங்களே பழுக்கவையுங்கள். நான் ஒருமுறை அவசரத்துக்கு வெளியில் வாங்கிய பழங்கள் தோல் முழுக்க ஒரே மஞ்சளாக மின்னின, அறுத்துப் பார்த்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகப் புளித்தது. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. வாங்குபவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

சுண்டிய பால் நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகுதான் 250 கிராம் அளவு பழச்சாந்தைச் சேர்க்க வேண்டும். சூடான பாலில் போட்டால் பழத்தின் புளிப்பு பாலைத் திரித்துவிடும். சர்க்கரை 70 கிராம் போதும், அதையும் பால் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். கலவையை நாக்கில் வைத்தால் சற்று அதிகமாக இனிக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பிறகு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதற்காக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை கூடக்கூட உறைநிலை இறங்கிக்கொண்டே போகும், ஒற்றைக் கதவுப் பெட்டியில் அது கெட்டியாகவே ஆகாது.

எவர்சில்வர் டம்ளருக்குப் பதிலாகச் சிறிய குல்ஃபி அச்சுகளை எடுங்கள். சிறியதாக இருந்தால் விரைவில் உறையும். எவ்வளவு விரைவில் உறைகிறதோ அவ்வளவு பொடியாகப் படிகங்கள் இருக்கும். முதல் நாள் இரவே குளிரின் அளவை உச்சத்தில் வைத்துவிட்டு, கலவையையும் கீழ் அறையில் குளிரவைத்து, ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் அடுக்காமல் உறையவையுங்கள்.

கடைசியாக ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். உருகிய பால் குல்ஃபியை மறுபடி உறையவைத்துச் சாப்பிடவே கூடாது. உருகி வெளியே கிடந்த பாலில் கிருமிகள் பெருகியிருக்கக்கூடும், உறையவைப்பதால் அவை சாவதில்லை.

பழைய ஐஸ் வண்டி, காரிமங்கலம் (பதில்)

வணக்கம் அம்மா. 1980களில் நான் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு காரிமங்கலம், பாலக்கோடு சுற்று வட்டாரக் கிராமங்களில் குச்சி ஐஸ் விற்றவன். பால் ஐஸ், சேமியா ஐஸ், திராட்சை ஐஸ் என்று மூன்று வகை வைத்திருப்பேன். பெட்டியின் மூடியை டப் டப் என்று தட்டினால் புளியமரத்தடியில் விளையாடும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். காசு இல்லாத வீட்டில் வேர்க்கடலையோ பழைய இரும்போ கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வதுதான் பொருத்தம்.

ஐஸ் உருகாமல் இருந்தும் குல்ஃபி உருகியது ஏன் என்று கேட்டீர்கள். வெறும் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது அதன் குளிர் 0 டிகிரியிலேயே நிற்கும், அதற்குக் கீழே போகாது. உங்கள் குல்ஃபியிலோ சர்க்கரையும் பாலும் பழமும் கலந்திருக்கின்றன. அது 0 டிகிரியில் உறைந்து நிற்கக்கூடிய பொருளே அல்ல, பல டிகிரி கீழே போனால்தான் கெட்டியாக இருக்கும். எனவே 0 டிகிரி ஐஸ் உங்கள் குல்ஃபிக்கு அடுப்பு மாதிரி. கூடை முழுக்க ஐஸ் இருந்தாலும் குல்ஃபி இளகத்தான் செய்யும். அந்த ஐஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, அதற்குத் துணையாக உப்பு இல்லாததுதான் குறை.

நாங்கள் ஐஸ் எடுத்த தொழிற்சாலையில், சாற்றை ஊற்றிய தகர அச்சுகளை ஒரு பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். அந்தத் தண்ணீர் 0 டிகிரிக்கு வெகு கீழே குளிர்ந்திருக்கும், ஆனாலும் உப்பு இருப்பதால் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். அச்சுக்குள் இருப்பது மட்டும் உறைந்துவிடும். அதே முறையை நீங்கள் வீட்டில் செய்யலாம். மூன்று கிலோ ஐஸை நன்றாக உடைத்து, ஒரு கிலோ கல்லுப்பைப் போட்டுக் கிளறுங்கள். உப்பு பட்டதும் ஐஸ் உருகத் தொடங்கும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருளிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அப்போது கலவை ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரிக்கு அருகே இறங்கும். ஐஸைச் சுண்டுவிரல் நுனியளவுக்கு உடைப்பது முக்கியம், பெரிய கட்டிகளாக இருந்தால் உப்பு ஒட்டாமல் அடியில் போய்த் தங்கிவிடும்.

உறைந்த குல்ஃபிகளை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, மூடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் எல்லாம் பாழ். அந்தத் தூக்கைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும், அடியிலும், தலைக்கு மேலும் உப்பு ஐஸைத் திணித்து, மூடியை இறுக்கிக் கயிற்றால் கட்டுங்கள். பெட்டிக்குள் காலி இடம் இருக்கக் கூடாது. வெளியே ஒரு கோணிப்பையில் நெல் உமியைப் பரப்பி அதற்குள் பெட்டியை இறக்கினால் இன்னும் நல்லது. அந்தக் காலத்தில் ஐஸ் பாளங்களை உமியிலும் மரத்தூளிலும் புதைத்துத்தான் வைத்திருந்தார்கள். வழியில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதீர்கள்.

மீன் கடைகளுக்குப் போகும் பாள ஐஸை வாங்கினால் அதை வெளியே குளிர்விக்க மட்டும் பயன்படுத்துங்கள், மோரிலோ சர்பத்திலோ போட வேண்டாம். உப்பு கலந்த ஐஸை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், தோல் வெந்ததுபோல ஆகிவிடும். மிஞ்சிய உப்புத் தண்ணீரைத் தோப்பிலோ பூங்கா மரத்தடியிலோ ஊற்றிவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கடையில் விடுங்கள். வேரில் உப்புப் பட்டால் மரம் வாடும்.

காவேரிப்பட்டணத்தான் (பதில்)

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒகேனக்கல் போகலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது இயல்புதான். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு வந்து, பென்னாகரம் வழியாக இன்னும் 46 கிலோமீட்டர் இறங்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அங்கே கழிப்பதாக இருந்தால் மட்டும் போங்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, மீனை வாங்கிக் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்லி, பரிசலில் ஒரு சுற்றுப் போய்வர அந்த நாளே போதாது. குல்ஃபி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது வீண் பாரம். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள் என்பதால், கிளம்புமுன் அன்றைய நிலையை விசாரித்துவிட்டுப் போக வேண்டும். பரிசலில் ஏறினால் உயிர்காப்புச் சட்டையை யாரும் கழற்றவே கூடாது.

தர்மபுரிக்குப் பக்கத்திலுள்ள வத்தல்மலையும் நல்ல இடம். காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் உள்ள மலை, வெயில் அடித்தாலும் காற்று குளிர்ச்சியாக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், தோப்பு சொந்தமாக இருக்கும்போது காலையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மா நிழலைப்போல அடர்ந்த நிழல் நம் மாவட்டத்தில் எந்தப் பூங்காவிலும் கிடையாது. கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோரும் நுங்கும் வைத்துக்கொண்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பெங்களூரா மாங்காய்க் கீற்றைத் தின்றபடி பேசிக்கொண்டிருந்தால் மதியம் போவதே தெரியாது. வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல் அணைக்குப் போங்கள். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. தென்பெண்ணைக் காற்று அந்த நேரத்தில்தான் சுகமாக வரும், மீன் வறுக்கும் கடைகளும் அப்போதுதான் களைகட்டும். குல்ஃபியை அணையில் இறங்கியவுடன் முதலில் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்ததுதான் சென்ற ஆண்டு நீங்கள் செய்த தவறு. பிள்ளைகள் வந்தால் அணைத் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள், கரையோரத்தில் சேறு எங்கே ஆழம் எங்கே என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மாந்தோப்பு நிலா (மறுமொழி)

அக்காவுக்கும், ஐயாவுக்கும், காவேரிப்பட்டணத்து அண்ணனுக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று போய்வந்தோம், இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒத்திகையாக வியாழக்கிழமை ஆறு குல்ஃபி மட்டும் செய்து பார்த்தேன். மென்மை என்றால் அப்படி ஒரு மென்மை, கத்தியால் வெட்டினால் வெண்ணெயைப்போல இறங்கியது, ஒரு பனித்துகள்கூட இல்லை. ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் பச்சை மாவு வாசனை இலேசாக நின்றது. கேழ்வரகுப் பாலை ஊற்றி இரண்டு நிமிடத்தில் இறக்கிவிட்டேன், அதனால்தான் இருக்கும் என்று நினைத்து, சனிக்கிழமை செய்தபோது கூடுதலாகக் கொதிக்கவிட்டு ஏலக்காயும் தட்டிப் போட்டேன். வாசனை பெரும்பாலும் போய்விட்டது.

காலையில் தோப்பில் இருந்தோம். பெங்களூரிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூட நாட்களில் செய்ததைப்போலவே, கீழே விழுந்து கிடந்த செந்தூராவை முந்தானையில் துடைத்துக் காம்பைக் கிள்ளி, பால் வடியவிட்டு, அப்படியே உறிஞ்சினாள். புடவையெல்லாம் கறை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தபடியே அடுத்த பழத்தை எடுத்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தானே நாங்கள் எல்லோரும் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

பகல் ஒரு மணிக்குக் கட்டிய பெட்டியை அணைக்கரையில் ஐந்தே காலுக்குத் திறந்தேன். நான்கேகால் மணி நேரம். தூக்கின் வெளிப்புறம் முழுக்க வெண்பனி பூத்திருந்தது. துணியைச் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. உள்ளே பன்னிரண்டு குல்ஃபியும் அச்சோடு அப்படியே நின்றன. சொல்லப்போனால் வீட்டிலிருந்து எடுத்ததைவிடக் கெட்டியாக இருந்தன, அச்சைக் கைக்குள் சிறிது நேரம் உருட்டிய பிறகே கழன்றன. ஐயா சொன்ன கணக்கு ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. உப்புத் தண்ணீரையும் வாளியில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஆளுக்கொன்றும் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் கொடுத்தது போக இரண்டு மிஞ்சின. ஒன்றை, எங்களுக்கு மீன் வறுத்துக் கொடுத்த அம்மாவிடம் நீட்டினேன். எண்ணெய்ச் சட்டியின் அனலில் வியர்த்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி ஒரு வாய் கடித்து, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்று, "இதில் கேழ்வரகு போட்டிருக்கிறாயா கண்ணு?" என்று கேட்டார். தோழிகள் ஐந்து பேரில் ஒருத்தியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பென்னாகரத்து மருமகள் (மறுமொழி)

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தங்கை. களி கிண்டிப் பழகிய கை அந்த அம்மாவுடையது, அதனால்தான் நாக்கு சொல்லிவிட்டது. பச்சை வாசனை முழுவதும் போக, கேழ்வரகுப் பால் கொதி வந்த பிறகு சிறுதீயில் ஏழெட்டு நிமிடம் கிண்டுங்கள், கலவையில் ஒரு பளபளப்பு வரும், அப்போது இறக்கலாம். ஜூன் கடைசியில் நீலம் மாம்பழம் வந்ததும் அதிலும் ஒருமுறை செய்து பாருங்கள். அந்தப் பழத்தில் இனிப்பு அதிகம், ஆகவே சர்க்கரையை 50 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.